சாபத் திலகத்தைக் கண்ணாடிக்குள் வைத்தவன் பேசுகிறேன்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தயாரிப்பாளர், என் முதலாளி அவர்களே! மறைந்த அம்மாவின் உடன்பிறந்த தங்கையும், நம் தொடரில் அவரது பரம எதிரியும், நம் எல்லோருக்கும் தங்கச்சியம்மாவுமான அம்மா அவர்களே! முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் மகளே! இயக்குநரே, ஒளிப்பதிவாளரே, தையல் அறையிலும் மேக்கப் அறையிலும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே! உள்ளே இடமில்லாமல் கதவோரம் நெருக்கியடித்து நிற்கும் ரசிகப் பெருமக்களே! அனைவருக்கும் துக்கத்தோடு என் வணக்கம்.

மேடை நாற்காலிகளைப் பார்த்துச் சிலர் வாய்க்குள் சிரித்தீர்கள். பார்த்தேன். சிரிக்கலாம், தப்பில்லை. இந்தப் படப்பிடிப்புத் தளத்தில் கால் ஆடாத நாற்காலி வேறு கிடையாது. அதனால்தான் முதலாளி பாறைக் கோட்டையின் சிம்மாசனத்தில் அமர்ந்திருக்கிறார். சிங்கத்தின் மூக்கில் தங்கப் பெயின்ட் உரிந்து உள்ளே தெர்மாகோல் தெரிகிறது. பதின்மூன்று வருடம் ஆயிற்றல்லவா! சிங்கத்துக்கே மூக்கு போகும்போது மனிதர்கள் எம்மாத்திரம்?

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? நாடே 'கண்ணாடி அம்மா' என்று அழைத்த ஒருவருக்காக! மேகக் கோட்டையின் மகாராணிக்காக! ரசிகர் மன்றம் கூடி, மேடை போட்டு, 'சாபத் திலகம்' என்று பட்டம் சூட்டிய கலைச் செல்விக்காக! அந்தப் பட்டம் வாங்கிய அன்று அவர் பேசியது நினைவிருக்கிறதா? "எல்லாரும் நாலு பேருக்கு நல்லது சொல்லிப் பட்டம் வாங்குவாங்க. நான் 'நாசமாப் போ, நாசமாப் போ'ன்னு சொல்லியே வாங்கிட்டேன்" என்றார். கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நம் தொடரைப் பார்க்காதவர்கள் இரண்டொருவர் இருக்கலாம். அவர்களுக்காக ஒரு வார்த்தை. மேகக் கோட்டைக்கும் பாறைக் கோட்டைக்கும் ஏழு தலைமுறைப் பகை. எதனால்? ஒரு கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்கார வைக்கவில்லை என்பதால்! அவ்வளவுதான்! அதற்குப் பிறகு தலை உருண்டது, மலை பறந்தது, ஆறு பின்னால் ஓடியது. நடுவில் இந்தக் காரணத்தை நானே மறந்துபோய் வேறொன்று எழுதிவிட்டேன். எண்பது ரசிகர்கள் கடிதம் போட்டுத் திருத்தினார்கள். பகையை ஆரம்பித்தவன் மறந்தாலும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மறக்கமாட்டார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அந்தக் கதையை எழுதியவன் நான். அம்மாவைக் கண்ணாடிக்குள் வைத்தவனும் நான்.

எப்படி வைத்தேன்? உதவி செய்யப் போய் வைத்தேன்! இதோ முன்வரிசையில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். ஒரு மாதம் விடுப்பு வேண்டும் என்று அம்மா என் அறைக்கு வந்தார். "தம்பி, என்னை எங்கயாவது கொண்டுபோய் வைங்க. சாகடிச்சிடாதீங்க, பிழைப்பு போயிடும். சும்மா ஒரு மாசம் ஒளிச்சு வைங்க" என்றார். நானும் யோசித்தேன். பாறைக் கோட்டை மகாராணி மந்திரம் ஓதி அவரை ஒரு மாயக் கண்ணாடிக்குள் அடைத்துவிடுகிறாள் என்று எழுதினேன். ஒரே நாளில் பன்னிரண்டு சாபம், ஆறு அழுகை, நாலு சிரிப்பு, கொஞ்சம் பெருமூச்சு என்று எடுத்து வைத்துக்கொண்டோம். தேவைப்படும்போது வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டியது. தொழிலில் இதற்கு ஸ்டாக் ஷாட் என்று பெயர். அம்மாவும் நிம்மதியாகப் பேறுகாலம் பார்க்கப் போனார்.

அந்த மாதம் நம் தொடர் முதல் இடத்துக்கு வந்தது. வந்ததும் என்ன ஆயிற்று? பேரன் பிறந்தான், தவழ்ந்தான், நடந்தான், பள்ளிக்கூடம் போனான், இப்போது சைக்கிள் ஓட்டுகிறான். அம்மா கண்ணாடியை விட்டு வெளியே வரவில்லை! பதினொரு வருடம்!

அதோ, மூலையில் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறோமே, அதுதான் அந்தக் கண்ணாடி. மூன்றடி அகலப் பலகைப் பெட்டி. முன்னால் கண்ணாடி, மேலே இரண்டு விளக்கு. உள்ளே உட்கார முடியாது, உட்கார்ந்தால் முகம் சட்டத்துக்குக் கீழே போய்விடும். மின்விசிறி வைக்க முடியாது, வைத்தால் முடி பறக்கும். 'மாயக் கண்ணாடிக்குள் காற்று எங்கிருந்து வந்தது?' என்று அதே எண்பது பேர் கடிதம் போடுவார்கள். ஈரத் துண்டைப் பின்கழுத்தில் போட்டுக்கொண்டு அம்மா மணிக்கணக்காக அதற்குள் நின்றார். ஒரு வெயில் காலத்தில் மேல்தட்டில் விளக்குப் பிடிக்கும் அண்ணன் ஒருவர் மயங்கிவிட்டார். அன்று அம்மா அடம்பிடித்து, மேல்தட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு விசிறி வரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றார். விசிறி வந்தது, இன்றும் ஓடுகிறது. பெட்டிக்குள் இருந்தவருக்கு மட்டும் காற்று இல்லை.

ஒவ்வொரு மாதமும் அவர் என்னிடம் கேட்பார். "தம்பி, எப்ப வெளிய விடுவீங்க?" நானும் சொல்வேன், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா." ஏன் விட முடியவில்லை? நான் அவசரத்தில் ஒரு விதி எழுதிவிட்டேன். 'எவள் அடைத்தாளோ அவளே, தன் கையால், மனமறிந்து உடைத்தால் ஒழிய இந்தக் கண்ணாடி உடையாது!' எழுதும்போது கம்பீரமாக இருந்தது. அடைத்தவள் யார்? பாறைக் கோட்டை மகாராணி. அதாவது தங்கச்சியம்மா. அக்காவும் தங்கையும்தான் திரையில் எதிரிகள். அக்காவை விடுவிக்க வேண்டுமென்றால் தங்கை கை ஓங்க வேண்டும்.

அவர் ஏன் ஓங்கவில்லை? இங்கே இருக்கிற உங்களில் பாதிப்பேர் ஒரு பதில் வைத்திருக்கிறீர்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அக்கா ஏதோ குடும்ப ரகசியத்தை வெளியே விட்டுவிட்டார், தங்கை மன்னிக்கவில்லை என்பது அந்தப் பதில். டீ குடிக்கும்போது பேசிக்கொள்வீர்கள். நானும் கூட நின்று தலையாட்டியிருக்கிறேன். இன்று உண்மையைச் சொல்லப் போகிறேன். எனக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் முதலாளி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, பாறைக் கோட்டையின் மூத்த அரசர் இறக்கிற கட்டத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா என் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "தம்பி, தங்கச்சிக்கு அப்பா சாகற மாதிரி சீன் குடுக்காதீங்க. அவளால தாங்க முடியாது" என்றார். ஏன் என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். "எங்க அப்பா போன அன்னைக்கு அவ வேற ஒரு செட்டுல நின்னுட்டிருந்தா. சேதி வந்துச்சு. ஷாட்ட முடிச்சிட்டுப் போன்னாங்க. சின்னப் பொண்ணு, எதுத்துப் பேசத் தெரியல. முடிச்சிட்டுத்தான் வந்தா. வந்தப்ப எல்லாம் ஆயிடுச்சு. என்கிட்ட மட்டுந்தான் சொல்லி அழுதா. அதனாலதான் கேக்கறேன், வேண்டாம் தம்பி."

நன்றாகக் கேளுங்கள். எதற்குச் சொன்னார்? எழுதாதே என்பதற்குச் சொன்னார்!

நான் என்ன செய்தேன்? எழுதினேன். அரசரைச் சாகடித்தேன். அதோடு விட்டேனா? அம்மா சொன்ன அந்தச் சங்கதியையே எடுத்து, ஒரு வசனமாக்கி, அதை அம்மாவின் வாயிலேயே வைத்தேன்! 'தந்தையின் மூச்சு நின்ற வேளையில், முகத்தின் பூச்சு கலையாமல் நின்றவள்தானே நீ!' மூச்சு, பூச்சு என்று எதுகை விழுந்ததில் எனக்குப் பெருமை வேறு!

அம்மா எப்படி அதைச் சொன்னார் என்று வெளியாட்கள் கேட்கலாம். நம் தொழில் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். நாள் ஒன்றுக்கு முப்பது பக்கம் எடுக்கிறோம், யார் மனப்பாடம் செய்ய முடியும்? கேமராவுக்குப் பின்னால் ப்ராம்ப்டர் அக்கா நின்று வசனத்தைத் துண்டு துண்டாகப் படிப்பார். காதில் விழுந்ததும் வாயில் வர வேண்டும். முதலில் வாய் பேசும், பிறகுதான் புத்திக்கு எட்டும். எதிரே தங்கச்சியம்மா நிற்கிறார். 'தந்தையின் மூச்சு நின்ற வேளையில்...' அம்மா கர்ஜித்தார். 'முகத்தின் பூச்சு கலையாமல்...' கர்ஜித்தார். 'நின்றவள்தானே நீ' என்று சொல்லி முடித்த பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். இயக்குநர் அதையும் நடிப்பு என்று நினைத்து 'அற்புதம்' என்றார். தங்கச்சியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அறைக்குப் போய்விட்டார்.

டப்பிங்கில் அம்மா அந்த வரியைப் பேச மறுத்தார். காலில் விழாத குறையாகக் கேட்டும் பேசவில்லை, எழுந்து போய்விட்டார். வேறொரு பெண்ணை வைத்துக் குரல் கொடுத்தோம். தங்கச்சியம்மா, நீங்கள் நம் தொடரைப் பார்ப்பதில்லை, அதனால் உங்களுக்குத் தெரியாது. டி.வி.யில் வந்த அந்த ஒரு வரியில் இருப்பது உங்கள் அக்காவின் குரல் அல்ல.

மறுநாள் நீங்கள் என் அறை வாசலில் வந்து நின்றீர்கள். பாதி மேக்கப் கலைத்திருந்தீர்கள். "ரைட்டர் சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்ககிட்ட நான்தான் சொன்னேன்னு அக்கா ஒத்துக்கிட்டா. எழுத வேண்டாம்னு சொல்லத்தான் சொன்னேங்கறா. நெஜமா? இல்ல, கதைக்கு ஆகும்னு சொன்னாளா?" என்றீர்கள்.

நான் என்ன பதில் சொன்னேன்? "ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

ஞாபகம் இல்லையா எனக்கு! எந்தக் கல்யாணத்தில் எவன் முதல் வரிசையில் உட்கார்ந்தான் என்பதை மறந்தவன்தான் நான். ஆனால் இதை மறக்கவில்லை. அந்த வாரம் நம் தொடர் முதல் இடத்தில் நின்றது. அந்த வசனத்தைத் தெருவில் பிள்ளைகள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். முதலாளி என் தோளைத் தட்டினார். 'வேண்டாம் என்று கெஞ்சிய ஒரு பெண்ணின் துக்கத்தைத் திருடி எழுதினேன்' என்று அப்போது எப்படிச் சொல்வேன்? வேலை போய்விடுமோ என்று பயம். பயத்தை விட வெட்கம். ஒரு வாய்ச் சொல்லில் தீர்ந்திருக்க வேண்டியது, ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை என்பீர்கள். அதுவும் பொய்! பேசினார்கள்! என் வசனத்துக்குள் புகுந்து பேசினார்கள்!

தங்கச்சியம்மாவுக்குக் கண் அறுவை நடந்ததே, நினைவிருக்கிறதா? அந்த வாரம் அம்மா என்னிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். இதை எப்படியாவது சாபத்தில் சேர்த்துவிடுங்கள் தம்பி என்றார். சேர்த்தேன். 'கொடியவளே! பதினைந்து நாளைக்கு உன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படாமல் போகட்டும்! இது என் சாபம்!' நாடே சிரித்தது. இது என்ன சாபமா, டாக்டர் சீட்டா என்று கேலி செய்தார்கள். எழுத்தாளருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று எழுதினார்கள். மூன்று வாரம் கழித்துத் தங்கச்சியம்மா தளத்துக்கு வந்தார். 'உன் சாபம் என்னை என்ன செய்யும்!' என்பதுதான் நான் எழுதியிருந்த வரி. அதைச் சொல்லிவிட்டு, ப்ராம்ப்டர் அக்கா படிக்காத ஒன்றையும் கூடவே சொன்னார். 'பதினாறாம் நாளே தலைக்குக் குளித்துவிட்டேன், போடி!' இயக்குநர் வெட்டவில்லை. பெட்டிக்குள் அம்மா மகாராணிக்குரிய கோபத்தோடு நின்றிருக்க வேண்டும். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பையும் ஸ்டாக்கில் போட்டு வைத்தோம்.

ரத்த அழுத்தம், வாடகை வீடு மாறியது, மருமகன் வேலை, எல்லாவற்றையும் இப்படித்தான் விசாரித்துக்கொண்டார்கள். 'உன் புதிய அரண்மனையில் காற்றே வராமல் போக!' என்று ஒருவர் சபிப்பார். 'கிழக்கே மூன்று ஜன்னல் இருக்கிறது, தெரியுமா!' என்று மற்றவர் உறுமுவார். இருவருக்கும் நடுவில் தூது போனவன் யார்? அவர்களைப் பிரித்தவனே! பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறவன் என்று சொல்வார்களே, அப்படி ஒரு பிழைப்பு.

நாலு வருடத்துக்கு முன்பு ஒரு வாய்ப்பு வந்தது. கண்ணாடி உடைகிற வாரம் என்று ஒரு வாரத்தையே ஒதுக்கினார்கள். அம்மா காலை ஏழு மணிக்கே வந்து, வெள்ளைப் பட்டு கட்டி, கிரீடம் வைத்து, பெட்டிக்குள் நின்றுவிட்டார். வெளியே வந்ததும் முதலில் எந்தக் காலை எடுத்து வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. தங்கச்சியம்மா அறையை விட்டு வரவில்லை. இயக்குநரும் நானும் போனோம். அவர் கண்ணாடி முன்னால் அலங்காரம் முடித்து உட்கார்ந்திருந்தார். "மனசறிஞ்சு உடைக்கணும்னு நீங்கதான சார் எழுதினீங்க? அக்கா எதுக்குச் சொன்னான்னு இன்னும் எனக்குத் தெரியல. தெரியாம எப்படி மனசறிஞ்சு கைய ஓங்குவேன்? நடிப்புன்னாலும் என்னால ஆகாது" என்றார். சொல்லிவிட்டு இயக்குநரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

அன்றாவது சொன்னேனா? என் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து அம்மாவிடம் ஏதோ சால்ஜாப்புச் சொன்னோம். எதையும் கேட்கவில்லை அவர். "சரி விடுங்க தம்பி. மேக்கப் போட்டது வீணாப் போக வேண்டாம். திட்டுற சீனையே எடுங்க" என்றார். அன்று எடுத்த பதினெட்டு சாபமும் ஸ்டாக்கில் இருக்கின்றன.

போன ஏழு மாதமாக அவர் மருத்துவமனையில் கிடந்தார். ஸ்டாக்கை வைத்தே தொடரை ஓட்டினோம். தங்கச்சியம்மா, பிறகு அக்காவின் முகத்தை ஒட்டுவதற்காகப் பச்சைத் துணி போர்த்திய வெறும் சட்டத்தைப் பார்த்து வசனம் பேசினார். அக்காவுக்குத் திமிர், அதனால்தான் வருவதில்லை என்று அவர் நினைக்க விட்டோம். தன் வியாதியைச் சொல்லக் கூடாது என்று அம்மா கட்டளை போட்டிருந்தார், அது உண்மை. ஆனால் ஏன் போட்டார்? நான் பார்க்கப் போயிருந்தபோது, இரண்டு பக்கமும் கம்பி போட்ட கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னார். "இங்கயும் பெட்டிதான் தம்பி. என்ன, ஃபேன் இருக்கு." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வியாதின்னு தெரிஞ்சா ஓடி வந்துடுவா. பாவப்பட்டு வரக் கூடாது. நான் அவளக் காட்டிக் குடுக்கலன்னு தெரிஞ்சு வரணும். அது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. இத்தன வருஷம் நீங்க எழுதினதெல்லாம் நான் சொன்னேனே" என்றார்.

சொல்கிறேன்மா என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். இன்று போய் நாளை, நாளை போய் அடுத்த வாரம். ஏழு மாதம்!

இனிச் சொல்லப் போவது இந்தத் தளத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். தங்கச்சியம்மா, உங்களுக்குத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு மகள் எனக்குப் போன் செய்தாள். அம்மா போய்விட்டார் என்றாள். சித்திக்குச் சொல்லுங்கள் மாமா என்றாள். நீங்கள் பத்தடி தூரத்தில், விளக்கு வெளிச்சத்தில், அந்தப் பச்சைத் துணிக்கு முன்னால் நின்றிருந்தீர்கள். நான் இயக்குநர் காதில் சொன்னேன். இயக்குநர் முதலாளியிடம் போனார். முதலாளி, "ஷாட் முடியட்டும்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

நீங்கள் கையை நீட்டி, உங்கள் அக்காவைச் சபித்து முடித்தீர்கள். முடித்துவிட்டு, குரல் கொஞ்சம் பிசிறிவிட்டது, இன்னொரு டேக் போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம் என்றோம்.

மகளே, அழாதே அம்மா. நீ சரியான நேரத்தில்தான் சொன்னாய்.

ஒரு முறை சின்னப் பெண்ணுக்கு யாரோ செய்த அநியாயத்தை, கதையாக எழுதிக் காசாக்கினேன். அதையே மறுபடி, அதே பெண்ணுக்கு, அறுபது வயதில், என் கண் முன்னால் செய்தேன். இப்போது சொல்லுங்கள், சபையோரே! இந்தக் கதையில் பகைவன் யார்? மேகக் கோட்டையா? பாறைக் கோட்டையா? இரண்டு கோட்டைக்கும் நடுவில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனா?

தங்கச்சியம்மா, ஒன்பது வருடத்துக்கு முன்பு நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். உங்கள் அக்கா கதைக்காகச் சொல்லவில்லை. உங்களைக் காப்பாற்றச் சொன்னார். எழுதாதே என்று கெஞ்சினார். கேட்காமல் எழுதியவன் நான்.

எனக்கு முன்னால் பேசிய முதலாளி ஒரு அறிவிப்புச் செய்தார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். "அம்மா மறையவில்லை! நம்மிடம் நாலாயிரம் ஷாட் இருக்கின்றன! இன்னும் பத்து வருடம் அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து நம்மை ஆள்வார்!" என்றார். கைத்தட்டலில் நானும் ஒரு கை. பழக்கதோஷம். செத்தவருக்கும் விடுதலை இல்லை என்பதற்கா கை தட்டினோம்? உயிரோடிருந்தபோது மாதம் ஒரு முறை 'எப்ப வெளிய விடுவீங்க' என்று கேட்டவரை, கேட்க வாயில்லாதபோது பத்து வருடம் பூட்டி வைக்கவா கூடியிருக்கிறோம்?

நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே 'அம்மாவின் பணியைத் தொடர்வோம் என உறுதியேற்பு' என்று அச்சடித்திருக்கிறார்கள். இருபது வருடமாக எத்தனையோ கூட்டத்தில் அந்த வரியை நானே பிறருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்று என்னால் முடியாது. தொடரமாட்டேன் என்று உறுதியேற்கிறேன்! அம்மாவின் வாயில் இனி ஒரு சாபமும் வைக்கமாட்டேன். நாளைக்கு எடுக்க வேண்டிய முப்பது பக்கத்தை நான் எழுதவில்லை.

முதலாளி, மைக்கை அணைக்கச் சொல்லி ஜாடை காட்டுகிறீர்கள். அணையுங்கள், தாராளமாக அணையுங்கள். இந்தத் தளத்தில் பதின்மூன்று வருடம் கத்தியவன் நான். எனக்குத் தெரியும், நீங்கள் நாளைக்கே வேறு எழுத்தாளரைப் பிடிப்பீர்கள். நாலாயிரம் ஷாட்டும் உங்கள் பெட்டகத்தில் இருக்கின்றன. நான் எழுதாவிட்டால் அம்மா வெளியே வந்துவிடுவாரா? மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும். இதைத் தவிர என் கையில் வேறு ஒன்றும் இல்லை.

தங்கச்சியம்மா எழுந்து நிற்கிறார்கள். ஏதோ சொல்கிறார்கள். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, சொல்கிறேன். "அந்த வரி அக்கா குரல் இல்லையா?" என்று கேட்கிறார்கள். இல்லை அம்மா. குரல் கொடுத்த பெண் அதோ தூண் பக்கம் நிற்கிறார், கேளுங்கள்.

தலையாட்டுகிறார், பார்த்தீர்களா?

இப்போது தங்கச்சியம்மா முதலாளியைப் பார்த்துப் பேசுகிறார்கள். அமைதியாக இருங்கள், எல்லோரும் கேட்க வேண்டியது. "எதிர்ல நான் நிக்கலன்னா, உங்க நாலாயிரம் ஷாட்டும் யாரத் திட்டும்?" என்கிறார்கள். முதலாளி, ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது அம்மா என்கிறார். "இருக்கட்டும்" என்கிறார்கள். "கோர்ட்டுக்குக் கூப்பிடுங்க, வர்றேன். இந்தத் தளத்துக்கு வரமாட்டேன்" என்கிறார்கள்.

சபையோரே! பதினொரு வருடமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டும் எழுத முடியாத விடுதலையைத் தங்கச்சியம்மா ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டார்கள்! யாரும் கை தட்ட வேண்டாம்.

மேடையை விட்டு இறங்குகிறார்கள். அம்மா, ஒரு நிமிடம். இவ்வளவு பேர் முன்னிலையில் கேட்கிறேன். காலில் விழச் சொன்னால் விழுகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள் அம்மா.

சொல்லிவிட்டார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள், உங்களுக்குக் கேட்டிருக்காது. "அது என்கிட்ட இல்ல சார். அக்காகிட்ட இருந்துச்சு."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார்கள். ரசிகப் பெருமக்களே, கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள், அவர்கள் போகட்டும். என்னிடம் யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமானால் பிறகு வந்து கேளுங்கள். நான் எங்கேயும் போகப் போவதில்லை.